அம்மா சறுக்கி நின்றதும் அப்பா விழுந்ததும்

அன்பு மகள் ரக்னாவுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. அப்பாவாகிய என் வலது மணிக்கட்டு நீங்கலாக நாங்கள் இருவரும் நலம். தாஸ்மேனியாவில் நீ ஒரு எலும்பும் குறையாமல் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. கையெழுத்தைப் பார்த்துப் பதறிவிடாதே கண்ணு, மாக்கட்டு போட்டிருக்கிறது, வலி இல்லை, எப்படி ஆனது என்று சொல்கிறேன்.

சுரங்கப்பாதை திறந்த பிறகு நம் பழைய மலைரோட்டில் வண்டியே கிடையாது, டிராக்டரும் ஆடும்தான். அம்மாவின் தேவாலயப் பாட்டுக்குழுவில் பாடுகிறாளே வில்டே, மீன் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன், அவள் அந்த ரோட்டில் லாங்போர்டு என்கிற நீளமான சக்கரப் பலகை ஓட்டுகிறவள். ஒருநாள் விளையாட்டாக அம்மாவை ஏறச் சொல்ல, இவளும் ஏறிவிட்டாள். அன்றிலிருந்து சனிக்கிழமையானால் முட்டிக்கவசமும் தலைக்கவசமுமாகக் கிளம்பிவிடுகிறாள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற விரல்கள் அல்லவா அவளுக்கு, ஒன்று உடைந்தால் கிறிஸ்துமஸுக்கு யார் வாசிப்பது? "இந்த வயசுல இதெல்லாம் நிறுத்திக்கோ தூர்டிஸ்" என்றேன். "நிறுத்தத் தெரியலன்னுதானே போய்க் கத்துக்கிட்டு இருக்கேன்" என்கிறாள். விஷயம் அதுதானாம். சும்மா உருண்டு போவது யாருக்கும் வரும். வேகத்தைக் குறைக்கத்தான் சறுக்கத் தெரிய வேண்டும். நன்றாகக் குந்திக்கொண்டு, உள்ளங்கையில் கெட்டி வட்டு வைத்த கையுறையை ரோட்டில் ஊன்றி, பலகையைக் குறுக்கே தள்ளினால் சக்கரங்கள் தேய்ந்துகொண்டே போய் நின்றுவிடும். பயந்துபோய்ப் பாதியில் எழுந்தால் சக்கரம் ரோட்டைக் கவ்விக்கொண்டு ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அம்மா கோடை முழுக்க எறியப்பட்டாள். தொடை நீலம் பாரித்து வருவாள், களிம்பு தடவிக்கொண்டே சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன சனிக்கிழமை நானும் போனேன். வில்டே என் கையில் ஒரு சிவப்புத் துணியைக் கொடுத்து வளைவில் நிறுத்தினாள். "டிராக்டர் வந்தா துணிய ஆட்டுங்க, அது போதும், வேற எதுவும் பண்ணாதீங்க" என்றாள். அம்மா மேலேயிருந்து வந்துகொண்டிருக்கும்போதே, புல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் கீழே வயலிலிருந்து ரோட்டில் ஏறியது. துணியை ஆட்ட வேண்டியவன், அதைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுரோட்டில் அவளைப் பார்த்து ஓடினேன். அவள் குந்தினாள், கை ரோட்டில் பட்டது, பலகை குறுக்கே திரும்பியது, கோணிப்பையைக் கிழிப்பது மாதிரி ஒரு சத்தம். என் பூட்ஸுக்கு முன்னால் வந்து நின்றாள். முதல் தடவையாக விழாமல் நின்றிருக்கிறாள். "யோவ் ஹால்வர், டிராக்டர் அங்கேயே நின்னுடுச்சுய்யா. எனக்குக் குறுக்க வந்தது நீ மட்டுந்தான்" என்றாள். டிராக்டர்க்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போகிறேன் என்று திரும்பினேன். அம்மா பின்னாலேயே வந்து, "இவ்வளவு நாளா எதுக்குக் கோபம்னு ஒருநாளாவது வாயத் திறந்து சொல்லேன்" என்றாள். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். அவள் விழுவாள் என்ற பயம் பாதிதான். நீ போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர், அதில் ஒருத்தி சனிக்கிழமையானால் குதித்துக்கொண்டு கிளம்புகிறாள், நான் சன்னலண்டை காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறேன். இதைத்தான் அந்த ரோட்டோரத்தில் உளறிவிட்டேன். அவள் தன் தலைக்கவசத்தைக் கழற்றி என் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டிவிட்டாள். கலியாணத்தன்று என் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபோதும் இப்படித்தான் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். (இதை எழுத மாட்டேன் என்றேன், எழுதச் சொல்லி அடம் பிடிக்கிறார். அம்மா.)

பிறகென்ன, ஏறினேன். குந்தினேன், கையை ஊன்றினேன், சக்கரம் ஒரு நொடி வழுக்கியது கண்ணு, உடம்பில் எடையே இல்லாத மாதிரி இருந்தது. உடனே பயந்து எழுந்துவிட்டேன். பலகை எறிந்துவிட்டது, மணிக்கட்டு முறிந்தது அப்படித்தான். இனி அந்தப் பலகையில் என் கால் படாது, துணி ஆட்டுவதோடு சரி.

நீ வேளைக்குச் சாப்பிடு, தனியாக மலையேறாதே. அத்தையிடம் நான் ஐஸில் வழுக்கினேன் என்றே சொல், செப்டம்பரில் ஏது ஐஸ் என்று கேட்டால் போனை வைத்துவிடு. உன் வீடு சிரிப்பும் கதகதப்புமாக நிறைந்திருக்கட்டும், நீ நினைத்ததெல்லாம் கைகூடட்டும்.

என்றும் அன்புடன்,
அப்பா ஹால்வர்

ரக்னா, உறையை ஒட்டச் சொல்லிவிட்டு அப்பா ஆட்டுக்குத் தீனி வைக்கப் போயிருக்கிறார். நேற்று நான் பாட்டுப் பயிற்சி முடிந்து சீக்கிரமே வந்துவிட்டேன். சமையலறை மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, கம்பளிக் காலுறையோடு, கட்டுப்போட்ட கையை மேலே தூக்கிக்கொண்டு மனுஷன் குந்தியிருந்தார். இடது கையைத் தரையில் ஊன்றிக் காலைக் குறுக்கே தள்ளித் தள்ளிப் பார்க்கிறார், வாயில் ஸ்ஸ்ஸ் என்று சத்தம் வேறு. நான் ஓசைப்படாமல் வெளியே போய், படியில் பூட்ஸைத் தட்டி, நன்றாக இருமிவிட்டு மறுபடி கதவைத் திறந்தேன்.