வால்டெமிர் காட்டிய மரம்

அன்புத் தம்பி வால்டெமிருக்கு,

அக்கா ஜூசேலியா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சாவ் பாவ்லோ குளிரில் சாரத்தின் மேல் நின்று வேலை செய்கிறாய், மார்புக்குக் கம்பளி போட்டுக்கொள். அம்மாவின் முட்டிவலி தேவலை. மழைதான் விடவில்லை. கோகோக் கொட்டை காயப்போடும் மேடையை மூட, உருளும் கூரையைத் தள்ளித் தள்ளி என் தோள் இறங்கிவிட்டது.

உன் கடிதம் கிடைத்தது. சாவ் ஜொவாவ் திருவிழாவுக்குக் கூட்டாளிகளை அழைத்து வந்து நம் தோப்பு மரத்துக் கோகோ எலியை வேட்டையாடி விருந்து போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாயாம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து இரானில்டா என்றொரு அம்மா அந்த எலியைத் தேடி வந்திருந்தாள். ஒரு மாதம் தோப்புத் தோப்பாக அலைந்துவிட்டு, "இந்த எலி இனிமே இல்லன்னுதான் எழுதணும் போல" என்று நம் வீட்டுக் காபியைக் குடித்தபடி சொன்னாள். நான் சும்மா இருப்பேனா? மேடையில் கொட்டையைக் காலால் கிளறும்போது, மேலே கவிந்த பழைய மரக்கிளைக்குக் கீழே கடித்துப் போட்ட இலைக்காம்புகள் கிடப்பதை மூன்று நாளாகப் பார்த்திருந்தேன். "எழுந்து வாங்க எங்கூட" என்று இழுத்துப் போனேன். பொழுது சாயும் நேரம், அந்த மரத்துப் பொந்திலிருந்து கறுப்பும் வெள்ளையுமாகத் தாய் வந்தது, பின்னாலேயே ஒரு குட்டி. அந்தம்மா அழுதேவிட்டாள். அவ்வளவு படித்தவள் அழுகிறாள், கையெழுத்துக்கே திணறும் நான் ராணி மாதிரி நிற்கிறேன். பெருமையாக இருந்தது, மறைப்பானேன்?

அது கோகோவைத் தொடுவதே இல்லையாம், இலைதான் தின்னுமாம். காயைக் குத்தியது மரங்கொத்தி, அடி வாங்கியது இது. பேரை நம்பி எத்தனையைக் கொன்றோம்!

"இந்த மரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். பதினைந்து வயதில் துப்பாக்கியும் கையுமாக நீ காட்டியதை எப்படிச் சொல்வேன்? "எந்தம்பி காட்டினான். அவனுக்குத் தெரியாத மரம் இந்தத் தோப்புல ஏது?" என்றேன். பொய்யில்லையே. மறுவாரம் மரத்தடியில் பலகையே நட்டுவிட்டார்கள், 'வால்டெமிர் காட்டிய மரம்' என்று. நம் அம்மா போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திப் படிக்கச் சொல்கிறாள்.

கூட்டாளிகளை அழைத்து வா. கோழி அடிக்கிறேன், சோளக்களி கிண்டுகிறேன். துப்பாக்கியை ஒளித்து வைக்கச் சொன்னாள் அம்மா. நான் வைக்கவில்லை. நீ மாட்டிய ஆணியிலேயே தொங்குகிறது. என் தம்பியை எனக்குத் தெரியும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

கடவுள் உன் கையைக் காக்கட்டும்.

உன் அக்கா,
ஜூசேலியா