கொட்டகை என்று எழுதப்பட்ட வீடு

நெய்வேலி,
சித்திரை 20

அன்புள்ள மகன் தமிழ்மாறனுக்கு அப்பா எழுதுவது. நாம் இருபத்தெட்டு வருஷம் குடியிருந்த வீட்டை மாட்டுக் கொட்டகை என்று சர்க்கார் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஐந்து வருஷமாக அதைத் திருத்தாமல் இருக்கிறார்கள். இதை முதலில் எழுதாமல் எனக்கு வேறு எதுவும் எழுத வரவில்லை. மற்றபடி நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ டவர் இல்லை என்கிறாய். அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் பவுல்ராஜ் மகன் பிராங்க்ளின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். காகிதம் பாதியில் கட் ஆகாது.

வீடுகளைக் கணக்கெடுத்த அந்தக் கார்த்திகையில் நீ ஊரில் இல்லை, அதனால் மறுபடி சொல்கிறேன். மழையில் கொல்லைப்புறத்து மாட்டுக் கொட்டகை சரிந்துவிட்டது, அன்று விடிகாலையில்தான் பசு கன்று போட்டிருந்தது. கன்று போட்ட மாட்டை மூன்று நாள் நனைய விடக் கூடாது என்று உன் அம்மா அதை நம் கூடத்தில் கட்டிவிட்டு, பாத்திரம் பண்டத்தைப் பக்கத்து வீட்டுப் பொற்கொடியிடம் கொண்டுபோய் வைத்தாள். நம் தெருவில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நாங்கள் நடவுக்குப் போயிருந்த நேரத்தில் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கிற ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, குடையைக்கூட மடக்காமல் தெருவில் நின்றே எட்டிப் பார்த்திருக்கிறார். மாட்டுக் கொட்டகை, ஆள் குடியிருப்பு இல்லை என்று எழுதிக்கொண்டார். பொற்கொடி பின்னாலேயே ஓடி, ஐயோ சாமி, அது குழந்தைவேல் ஊடுங்க, மாடு மூணு நாளைக்குத்தாங்க என்று கெஞ்சினாளாம். அப்ப மூணு நாள் கழிச்சு வரணுமா, நல்லா இருக்கும்மா உங்க சட்டம் என்று சிரித்துக்கொண்டே அவர் போய்விட்டாராம்.

அந்த ஒரு வரியால் தெருவில் எல்லாருக்கும் மாற்று மனை கிடைத்தது, நமக்கு இல்லை. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை, டீக்கடைப் பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படித்தவன், ஆனாலும் பதினாறு மனுவையும் என் கையாலேயே எழுதினேன். மேஜைக்கு மேஜை போனது. வீட்டை இடித்து இரண்டு வருஷம் ஆன பிறகு, போன மாசம் பதில் வந்தது. நேரில் வந்து பார்த்தால்தான் திருத்த முடியுமாம். எங்கே வந்து பார்ப்பது? நம் கூடம் இருந்த இடத்தில் இப்போது சுரங்கத்து மண் மலை மாதிரி கொட்டிக் கிடக்கிறது. அதைச் சொன்னதற்கு அந்தக் கிளார்க், ஊடு இருந்தா காட்டுங்க பெரியவரே, இப்பவே எழுதித் தரேன் என்றான். உன்னைவிடச் சின்ன வயசு இருக்கும்.

உன் சித்தப்பா சக்கரபாணி வைகாசியோடு ரிட்டயர் ஆகிறான். அதன் பிறகு, வீடு போனதிலிருந்து நாங்கள் ஒண்டியிருக்கும் அவனுடைய இந்தக் குவார்ட்டர்ஸை ஒப்படைக்க வேண்டும், அவன் போக்கிடம் அவனுக்கு இருக்கிறது, எங்களுக்கு இல்லை. இது தெரிந்துதான் ஆபீஸில் ஒரு தாளை நீட்டினார்கள். மேற்படி இடத்தில் கொட்டகை மட்டுமே இருந்தது, நான் குடியிருக்கவில்லை, கருணை காட்டி மனை தர வேண்டுகிறேன் என்று அச்சடித்திருக்கிறது. நான் கையெழுத்துப் போடவில்லை. உன் அம்மா நான்கு நாளாக என்னோடு பேசுவதில்லை. சோற்றை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, கவுரவத்தக் கூரையாப் போட்டுக்கினு படுத்துக்க வேண்டியதுதான் என்கிறாள். நீயும் போனில், போட்டுத் தொலைப்பா, பேப்பர்தானே என்றாய். பேப்பர்தான். நீ பிறந்ததும் உன் தங்கை இசைப்பிரியா வயசுக்கு வந்ததும் கொட்டகையில் என்று நானே எழுதிக் கொடுக்கச் சொல்கிறாய். எழுதிக் கொடுத்த பிறகு கருணை இல்லை என்று சொல்லிவிட்டால், எந்தக் காகிதத்தைக் காட்டி நான் கேட்பது?

நேற்றுதான் உன் முதல் பாஸ்போர்ட் நினைவுக்கு வந்தது. அதற்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர் நம் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டு, இன்னார் இந்த வீட்டில் வசிக்கிறார் என்று எழுதிக்கொண்டு போனார். உள்ளே உட்கார்ந்து பார்த்தவரும் சர்க்கார் ஆள்தான்.

ஆகவே நீ செய்ய வேண்டியது, அந்தப் பழைய பாஸ்போர்ட்டில் விலாசம் இருக்கும் பக்கத்தை நகல் எடுத்து இந்த மாசத்துக்குள் அனுப்புவது. சக்கரபாணி செய்ய வேண்டியது, குவார்ட்டர்ஸுக்கு இரண்டு மாசம் தவணை கேட்டு எழுதுவது, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளக் கூடாது. பொற்கொடி அன்று சொன்னதை எழுத்தில் தர வேண்டும், குறிஞ்சிப்பாடியில் மகள் வீட்டில் இருக்கிறாள், நானே போய் வாங்கி வருகிறேன். வி.ஏ.ஓ. அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தாசில்தார் ஒரு வரியை அடித்து ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான் அவர் வேலை. உன் அம்மாவுக்கு நீ போன் போட்டு, இசைப்பிரியா ஊரில் போய் இரண்டு மாசம் இருக்கச் சொல், நான் சொன்னால் கேட்க மாட்டாள். நீ வெயிலில் நின்று வேலை பார்க்கிறவன், வேளைக்குச் சாப்பிடு, நீண்ட ஆயுசோடு இரு. நகலை மறக்காதே. நான் செய்ய வேண்டியது, திங்கட்கிழமைதோறும் அந்த ஆபீஸ் பெஞ்சில் போய் உட்காருவது. வீடு என்று திருத்திய தாளைக் கொண்டு வந்தால் அதில் கையெழுத்துப் போடுவேன். அதுவரை இந்தக் கடிதத்தில் மட்டும் போடுகிறேன்.

இப்படிக்கு உன் அப்பா,
சி. குழந்தைவேல்