அலசிய மண்

செவ்வாய், இரவு

சீவலப்பேரி இசக்கியம்மாளின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. வீடு கட்டப்போகும் மனையின் மண்ணைப் பரிசோதிக்க எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்திருந்தார். மண்ணில் சல்பேட் உப்பு அதிகம் இருந்தால் அஸ்திவாரத்தை அரித்துவிடும். நீரில் கலக்கி, வடிகட்டி, அமிலமும் பேரியம் குளோரைடும் விட்டேன். உப்பு இருந்தால் வெள்ளையாகக் கலங்க வேண்டும். துளியும் கலங்கவில்லை. முன்பு சோதித்த பக்கத்து மனை மண் அப்படிக் கலங்கியிருந்ததே என்று சந்தேகம் வந்தது. மண்ணை எப்படி எடுத்தீர்கள் என்று அவரிடமே கேட்டேன்.

"நல்லா அலசி, வெயில்ல காயப்போட்டுத்தாம்மா எடுத்தாந்தேன். ஆபீசுக்கு அழுக்கோடயா கொண்டாரது?"

உப்பெல்லாம் அலசின தண்ணீரோடு போயிருக்கிறது. சொன்னதும் வாடிப்போனார். ஆனாலும் அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குப் போய், அலசாத மண்ணோடு சாயங்காலம் வந்து நின்றார். இந்த முறை குடுவை முழுக்க வெள்ளை. எட்டிப் பார்த்தவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"புது வீட்டுல பால் காய்ச்சின மாதிரில்லா இருக்கு. நல்ல சகுனந்தானம்மா?"

எவ்வளவு உப்பு என்று எடை போட்டுப் பார்க்க நாளை ஆகும். உப்பைத் தாங்குகிற சிமெண்டும் கிடைக்கிறது. அதையெல்லாம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்கு, "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன்.