கடைக்குள் தண்ணீர் வந்த கனவைத் திரும்பப் பெறக் கோரும் மனு

அனுப்புநர்:
பங்கேற்பாளர் எண் 41,
தூக்கமும் கனவும் ஆய்வுத் திட்டம்.
(பெயரும் முகவரியும் ஒட்டிய தனி உறையில் உள்ளன. தாங்கள் மட்டும் பிரிக்கவும்.)

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஆய்வு நெறிமுறைக் குழு,
பல்கலைக்கழகம்.

பொருள்: ஆய்வுக்காக நான் சொன்ன கனவு, நான் யாரென்று ஊரே அறியும்படி இணையத்தில் வெளியானது – அகற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துகிறேன். என் கணவர் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பார். தங்கள் தூக்க ஆய்வுக்கு ஆள் தேவை என்றபோது விரும்பித்தான் வந்தேன். சும்மா படுத்துத் தூங்குவதே உதவி என்று சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

2. நீலத் திரை போட்ட அந்த அறை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தலையில் ஒயர்களை ஒட்டுவார்கள். சுவருக்கு அப்பால் ஏதோ ஓர் இயந்திரம் மெதுவாக முனகும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே தூக்கத்துக்குள் இறங்கிவிடுவேன். விழித்ததும் ஆராய்ச்சி மாணவி ஒலிப்பதிவுக் கருவியை அருகில் வைத்து, "அவசரமே இல்லக்கா, ஞாபகம் வர்றப்ப சொல்லுங்க" என்பாள். பெயர்ப் பட்டியலை ஓர் அலமாரியிலும் ஒலிப்பதிவுகளை வேறோர் அலமாரியிலும் பூட்டுவாள். இரண்டு சாவியும் ஒரே கொத்தில் இருக்கக் கூடாது என்பதில் பிடிவாதக்காரி. அந்த நம்பிக்கையில்தான் வாய் திறந்தேன்.

3. சொன்ன கனவு இதுதான். கடைக்குள் மெல்லத் தண்ணீர் வருகிறது. கண்ணாடி ஃபிரேம்கள் எல்லாம் மிதக்கின்றன. எதிரில் மருந்துக்கடை வைத்திருப்பவர் வருகிறார். அவருடைய கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொடுக்கிறேன். பிறகு இருவரும் மேசைமேல் ஏறி உட்கார்ந்து தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவுதான், ஐயா.

4. அந்த மாணவி வேலை கிடைத்துப் போய்விட்டாள். அடுத்து வந்தவர் எல்லாவற்றையும் தன் மடிக்கணினிக்கு மாற்றிக்கொண்டார். திட்டம் முடிந்ததும், பிற ஆராய்ச்சியாளர்களுக்கும் பயன்படட்டும் என்று கனவுகளை எழுத்தாக்கி இணையத்தில் ஏற்றினார். நல்ல எண்ணம்தான். பகிர நானும் சம்மதித்தவள்தான். ஆனால் வெளியிடுமுன் எங்களிடம் காட்டுவதாக எழுதிக் கொடுத்திருந்ததை மறந்துவிட்டார். அடையாளம் தெரியக் கூடாதென்று பெயர்களைக் கவனமாக நீக்கியவர், பெயர் இருந்த இடத்தில் தொழிலைப் போட்டார்: "பெண், மூக்குக் கண்ணாடிக் கடை. கனவில் வருபவர், எதிரில் உள்ள மருந்துக்கடைக்காரர்." ஆய்வுக்குப் போனவர்கள் எல்லாரும் எங்கள் ஊர்க்காரர்கள்; இங்கே கண்ணாடிக் கடை ஒன்றே ஒன்றுதான். இதற்கு என் தொலைபேசி எண்ணையும் போட்டிருந்தால் வியாபாரமாவது நடந்திருக்கும்.

5. இப்போது கடைக்கு வருகிறவர்கள் முதலில் தரையைப் பார்க்கிறார்கள். "என்னக்கா, தண்ணியெல்லாம் வடிஞ்சிருச்சா?" என்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் தெருவைக் கடந்து வருவதே இல்லை. திருகு கழன்ற கண்ணாடியை நூலால் கட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு நிமிட வேலை அது. பார்க்கப் பாவமாக இருக்கிறது.

6. என் கணவர் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே, "அந்தக் கனவுல நான் எங்க இருந்தேன்?" என்று கேட்டார். பின்னறையில் என்று சொல்ல வாயெடுத்தேன். தண்ணீர் அங்கும் போயிருக்குமே என்று தோன்றியதும் நிறுத்திக்கொண்டேன். அன்று முதல் நான் புரண்டு படுத்தாலே அவர் விழித்துக்கொள்கிறார். எனக்கும் கண்ணை மூடப் பயமாக இருக்கிறது. இத்தனை வருடம் ஒரே பாயில் நிம்மதியாகத் தூங்கியவர்கள் நாங்கள். அந்தத் தூக்கம் எனக்குத் திரும்ப வேண்டும்.

7. அதே பக்கத்தில் மற்றவர்களின் கனவுகளும் இருக்கின்றன. ஒன்றைப் பாதி படித்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. உடனே மூடிவிட்டேன். மறுநாள் அவர் கடைப் பக்கம் வந்தபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

8. எனவே, அந்தப் பக்கத்தை உடனே அகற்றி, அதைப் பதிவிறக்கிக்கொண்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். மடிக்கணினியில் உள்ள பிரதிகளை அழிக்க வேண்டும். மற்ற பங்கேற்பாளர்களிடம், ஊர் வாய் வழியாக அல்லாமல், தங்கள் அலுவலகமே நடந்ததைச் சொல்ல வேண்டும். இனி எதை வெளியிட்டாலும், எங்கள் ஊர்க்காரர் ஒருவர் படித்தால் ஆளைக் கண்டுபிடிப்பாரா என்று முதலில் பார்க்க வேண்டும். புதிதாக வந்தவரைத் தண்டிக்கக் கேட்கவில்லை. அந்த மாணவி சாவிகளை வைத்திருந்த முறையை அவருக்கு யாராவது கற்றுக்கொடுத்தால் போதும்.

9. இரண்டாம் கட்ட ஆய்வுக்கும் எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. வர இயலாது. நேற்று விடியும் நேரத்தில், வெகு நாளைக்குப் பிறகு, ஒரு கனவு கண்டேன். அதை இந்த மனுவிலும் எழுதவில்லை. அதில் என் கணவர் எங்கே இருந்தார் என்பதை அவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்க்கும்,
பங்கேற்பாளர் எண் 41
(கையொப்பம் உறைக்குள்)

நாள்: திங்கட்கிழமை, கடை திறக்குமுன்
இடம்: உறைக்குள் குறிப்பிட்டுள்ளது