காகிதத்தில் ஓடிய பஸ்ஸை ரோட்டுக்கு இழுத்த மகளுக்கு

அன்பு மகள் ரெனிதாவுக்கு,

அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மா தெரசாவும் ஆவடி குவார்ட்டர்ஸில் சௌக்கியம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். வேப்பம்பட்டு சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவள் பண்ணுகிற அலப்பறை தாங்கவில்லை. அது கிடக்கட்டும். ஏழு வாரமாக உன்னோடு பேசாத மனுஷன் கடிதம் எழுதுகிறானே என்று பார்க்கிறாயா? போனில் என்றால் பாதியிலேயே வைத்துவிடுவேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நேற்று உன் கட்டுரையை மார்க்கெட் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனேன், உள்ளேதான் செல்போன் விடமாட்டார்களே. கேட்டில் காவலுக்கு நிற்கிற வேம்புலி காகிதத்தைப் பிரித்துப் பார்த்தான். மூன்று வருஷமாக அரசாங்கக் கணக்கில் மட்டும் ஓடிய மலைக்கிராமத்து பஸ், நீ எழுதிய நாலாம் நாள் நிஜமாகவே ஊருக்குள் வந்துவிட்டதாமே! "இன்னாண்ணே, ஒம் பொண்ணு கவர்மென்ட்டயே பஸ்ஸு உட வச்சிகீது!" என்று அவன் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. மத்தியானம் கேன்டீனில் என்னோடு வேலை பார்க்கும் கஜபதி அந்த இங்கிலீஷ் கட்டுரையை உரக்கப் படித்துத் தமிழிலும் சொன்னான். உன் பெயர் வந்ததும் எல்லோரும் மேசையைத் தட்டிய தட்டில் என் சாம்பார் கொட்டிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டதம்மா, காரம் என்று சமாளித்தேன்.

ஒரு பத்திரிகையில் மாநில அரசைப் பற்றி எழுதக் கற்றுக்கொடுத்து, கோடை மூன்று மாதமும் சம்பளமும் தருகிறார்கள் என்று நீ சொன்னபோது, கற்றுக்கொள்கிறவளுக்கு எவன் சம்பளம் கொடுப்பான், ஏமாற்று வேலை என்று கத்தினேன். அப்புறம் செய்ததுதான் பெரிய கூத்து. அரசாங்க ஃபேக்டரி வேலை என்பதால் ஸ்கூட்டர் வாங்கினாலும் மனை வாங்கினாலும் ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்தே பழகியவன், என் மகள் பத்திரிகையில் எழுத அனுமதி வேண்டும் என்று மூன்று நகலில் மனு கொடுத்தேன். பதில் வரும்வரை போகக்கூடாது என்றேன். நீ அழுதுகொண்டே ரயில் ஏறினாய், நான் வழியனுப்பக்கூட வரவில்லை. பத்து நாள் கழித்து ஆபீசர் கூப்பிட்டு, இங்கே வேலை பார்ப்பது நீங்களா உங்கள் மகளா ஜெயபால் என்று கேட்டுச் சிரித்தார். அதை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டே இத்தனை நாளை ஓட்டிவிட்டேன். தப்பு என்னுடையதுதான், கண்ணு.

அங்கேயே நிரந்தர வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், அப்பா என்ன சொல்வாரோ என்று நீ அம்மாவிடம் அழுதாயாம். அம்மா நேற்று ராத்திரி சொன்னாள். வெயிலில் அலையும்போது குடை எடுத்துக்கொள், யாரையாவது பற்றி எழுதுமுன் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. தேவமாதா உன் கூடவே இருப்பாள்.

வெள்ளிவரை இழுக்காதே, இன்றைக்கே கையெழுத்தைப் போடு. இனிமேல் நீ எழுதுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம், என்னிடமும்தான்.

இப்படிக்கு,
ரிப்போர்ட்டர் ரெனிதாவின் அப்பா,
ஜெயபால்