இரண்டு தரம் மருந்தடித்த கோடிச் சேலை

அன்பு மகள் சிம்ரனுக்கு அப்பா எழுதுவது. காமயகவுண்டன்பட்டியில் நானும் திராட்சைத் தோட்டமும் சுகம். நியூசிலாந்துக் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

போனில் நீ அழுததிலிருந்து மனசு சரியில்லை. கொரோனாவை எந்த அரசாங்கம் எப்படிச் சமாளித்தது என்று நாடு நாடாக ஒப்பிட்டு எழுதுகிற உன் ஆராய்ச்சியில், நீ இருக்கிற நாடுதான் மேலே வருகிறது, "அதுக்கு மார்க் போட கை வரலப்பா, அம்மா மொகத்தப் பாக்க விடாத நாடு" என்றாய். அதற்குப் பதிலைத்தான் இதில் எழுதுகிறேன்.

முதல் ஊரடங்கில் உன் அம்மா ராஜாத்தி மாரடைப்பில் போனபோது உனக்கு மட்டுமா வழி அடைத்தது, இந்தா மலைமேல் இருக்கிற கேரளத்துக் குமுளியிலிருந்து உன் மாமா சுருளிராஜனே வர முடியவில்லையே. பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்தாமல் எப்படித் தூக்குவது என்று எல்லோரும் திகைத்து நின்றோம். மாமா சேலையோடு செக்போஸ்டுக்கு வந்து, "நான் வரல சார், சேலை மட்டும் போகட்டும், எந்தங்கச்சி மேல கெடக்கணும்" என்று கெஞ்சியிருக்கிறார். கேரளத்து ஆள் சேலைக்குக் கிருமி மருந்தடித்துக் கொடுக்க, அதை நம்பாமல் நம் பக்கத்து ஆள் இன்னொரு தரம் அடித்திருக்கிறார். சொட்டச் சொட்ட வந்த சேலையை அப்படியே போர்த்தினோம், ஒரே ஆஸ்பத்திரி வாடை. அவள் இருந்திருந்தால் "ரெண்டு கவர்மெண்டும் சேந்து என்னயத் தொவச்சுப் போட்டாக" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாள். மாமா வீட்டுக்குப் போகும்போது மலை ஏறுகிற பஸ்ஸில் நீயும் அம்மாவும் ஜன்னலோரத்துக்குச் சண்டை போடுவீர்களே, அந்தப் பஸ் போனால் இன்றைக்கும் ஜன்னலோரத்தைத்தான் பார்க்கிறேன் ஆத்தா.

போனால் திரும்ப உள்ளே விடமாட்டோம் என்று உன்னை வரவிடாத அந்த நாட்டை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அடுத்த வருஷம் இங்கே படுக்கை கிடைக்காமல் ஜனங்கள் பட்ட பாட்டைப் பார்த்தபோது, பிள்ளை அங்கே பத்திரமாக இருக்கிறாளே என்று அதே நாட்டைக் கும்பிட்டேன். இரண்டும் நிஜம்தான். உள்ளதை உள்ளபடி எழுது, கை வரவில்லை என்றால் கொஞ்சம் பொறுத்து எழுது.

குச்சனூர்ச் சாமி உன்னைக் காப்பார், நன்றாக இரு. அம்மா திதிக்கு வர இப்போதே லீவு சொல்லி வை. ஒன்றை மட்டும் மறக்காதே. சாவுக்கு வந்த யாரும் "மக வரல" என்று சொல்லவில்லை, "மகள வரவிடல" என்றுதான் இன்றைக்கும் சொல்றாக. நீயும் அப்படியே சொல்லிப் பழகு.

உன் அப்பா
தங்கப்பாண்டி