தவளமலை மதகும் வாய் திறவா அவையும்

மங்கலம் பெருகுக; ஏரி நிறைக; நெல் பொலிக. வெண்குன்ற நாடாளும் திருமலிகோன் திருவாணையால் ஓலைநாயகம் நம்பிப்பூதன், தென்கரை நாடு காக்கும் ஏனாதி வில்லவதரையருக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டையும் குடிகளும் நலம் பெறுக. தவளமலை வெள்ளத்தை வென்ற செய்தி கேட்டு, அதன்பின் வரும் ஆணையை நிறைவேற்றுவீராக.

உம் நாட்டில் பேரேரி காக்கும் தவளமலைத் திருக்கூட்டத்துக்குக் கல்லில் வெட்டிய விதிகள் பத்தொன்பது. வெட்டாத வழக்கு ஒன்றும் உண்டு: தலைவர் பேசுமுன் அவையில் எவரும் பேசார். தலைவர் குணவீர அடிகளோ ஈராண்டுக்கு முன் தம் நோன்பை ஓலையில் எழுதி அவைப் பேழையில் இட்டு மௌனம் பூண்டார். அன்றுமுதல் பௌர்ணமிதோறும் அவை கூடும், அமரும், அடிகள் பேழைப் பக்கம் கை நீட்டுவார், ஆசி என்று அனைவரும் வணங்குவர், நேரம் காட்ட நீரில் மிதக்கும் நாழிகை வட்டில் மூழ்கிச் சேகண்டி ஒலித்ததும் கலைவர். இருபத்து நான்கு கூட்டங்களில் ஒரு சொல்லும் பிறக்கவில்லை.

வட்டில் காத்துச் சேகண்டி அடிப்பவள் காரிநங்கை. பத்துப் பேர் முன் நின்றால் நா உலர்ந்துவிடும் இயல்பினள். பேரேரி மதகருகே கரையில் பிளவு கண்டு, நாள்தோறும் கோல் வைத்து அளந்தாள். விரலகலப் பிளவு ஒரு திங்களில் சாண் அகலமாயிற்று. கரை உடைந்தால் கீழுள்ள ஏழூரும் மூழ்கும். அவற்றுள் ஒன்றில் அவள் பெற்றோர் இருந்தனர். மண் சுமக்க ஆள் விடும் உரிமை அவைக்கே உண்டு. முந்திப் பேசினால் கூட்டத்தைவிட்டு விலக்குவார்கள் என்பதையும் அவள் அறிவாள்.

ஐப்பசிப் பௌர்ணமியன்று வட்டில் மூழ்கியது. காரிநங்கை சேகண்டியை அடிக்கவில்லை. ஒலி கேளாமல் எழுவதும் வழக்கில்லை. அவை அப்படியே இருந்தது. அவள் அளவுகோலை இறுகப் பற்றியபடி, கரை பிளந்துள்ளது, இன்றே ஆள் வேண்டும் என்றாள்.

மூத்தோருள் ஒருவரான சாத்தங்குமரனார் துள்ளியெழுந்து, அடிகள் திருவாய் மலருமுன் பேசுவதா, வட்டிலுக்கும் வாய் முளைத்ததோ என்று முழங்கினார். ஐயா, தாங்களும் முந்திப் பேசிவிட்டீர்களே என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஈராண்டுக்குப் பின் அவை சிரித்தது.

எந்த விதியில் இத்தடை உள்ளது என்று காரிநங்கை கேட்டாள். கல்லைப் படித்தார்கள்; பத்தொன்பதிலும் இல்லை. அடிகள் மீண்டும் பேழைப் பக்கம் கை நீட்டினார். இம்முறை எவரும் வணங்கவில்லை; காரிநங்கை சென்று பேழையைத் திறந்தாள். கூட்டத்தார் ஒருவர் பேசச் சொல்லும்வரை பேசேன் என்றிருந்தது நோன்போலை. அவர் சொல்லுக்கு அவையும் அவை சொல்லுக்கு அவரும் காத்திருந்தனர்!

அடிகளே, பேசுங்கள் என்றாள். மதகுக்கு ஓடுங்கள் என்பதே அவர் முதற்சொல்.

முதற்கூடை மண்ணை அடிகள் சுமந்தார். இரண்டாவதைச் சாத்தங்குமரனார் சுமந்தார். ஏழூரும் திரண்டன. ஆறாம் நாள் கரை இறுகிற்று. ஒன்பதாம் நாள் பெருமழை பொழிந்தது. ஏரி விளிம்பைத் தொட்டு நின்றது, கரை அசையவில்லை. ஊரார் கொட்டிய வெற்றி முரசொலிக்கு நடுவே காரிநங்கை பிளவிருந்த இடத்தில் கோலை வைத்துப் பார்த்தாள். அதன் நுனியும் நுழையவில்லை.

ஆகவே கோமான் ஆணை: கல்லில் இல்லாத வழக்கு எவர் நாவையும் கட்டாது என்பதைத் தவளமலைக் கல்லில் இருபதாம் விதியாக வெட்டுக. அவையில் காரிநங்கைக்கு இருக்கை இடுக. உம் நாட்டுக் கூட்டங்கள்தோறும் இவ்வோலையை உரக்கப் படிப்பிக்க. படித்ததும் கடைசி வரிசையார் முதலிற் பேசுக. அதன்பின்னரே சேகண்டி ஒலிக்க.

நிறைகுட இலச்சினை இட்டோம். தவளமலைக் கரை நிற்குங்காறும் இவ்வாணை நிற்க.